நாய் தலைமை தாங்கிய வங்கி!

வங்கி ஒன்று. ஓங்கி உயர்ந்த தூண்கள், பேரேடுகளின்மீது கவிழ்ந்த தலைகள், நிலவறையிலே இரும்புப் பெட்டகம். அந்த வங்கியின் தலைவர் யார்? கணக்கிலே கரைகண்ட மேதையா? கடல் கடந்து வாணிபம் செய்த கனவானா? இல்லை, தோழர்களே, இல்லை! ஒரு நாய்! நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கும் சின்னஞ்சிறு நாய்! ஆணைகள் அதன் பெயரால் பிறக்கின்றன. சீமான்கள் அதன் முன் பல்லைக் கடித்துக்கொண்டு பணிவு காட்டுகின்றனர். ஏன்? வங்கியின் பங்குகளில் நூற்றுக்கு ஐம்பத்தொன்று அந்த நாயின் பெயரில் இருக்கிறது. சட்டம் அப்படிச் சொல்கிறது. சட்டம் சொன்ன பிறகு நாயென்ன, நரியென்ன?

சிரிப்பு வருகிறதல்லவா? தாராளமாகச் சிரிக்கலாம். சிரிப்பூட்டுவதற்கென்றே எழுதப்பட்ட நாவல் அது. பெயர் 'மேக்கிங் மணி'. தமிழிலே சொன்னால் 'பணம் பண்ணுதல்'. பொருள் திரட்டுவதையும் பணம் பண்ணுவதென்கிறோம்; அச்சடித்துப் பணத்தையே உண்டாக்குவதையும் அப்படியே சொல்லலாம். ஆங்கிலத் தலைப்பிலுள்ள இருபொருள் குறும்பு தமிழிலும் தானாகவே வந்து அமர்ந்துகொள்கிறது.

எழுதியவர் டெர்ரி பிராட்செட் என்ற ஆங்கிலேயர். 1948இல் பிறந்தார், 2015இல் மறைந்தார். தட்டையானதோர் உலகம், அதைத் தாங்கி நிற்கும் நான்கு யானைகள், அந்த யானைகளைச் சுமந்துகொண்டு விண்வெளியிலே நீந்தும் ஓர் ஆமை! இப்படியோர் உலகைக் கற்பனை செய்து, அதனை நிலைக்களனாகக் கொண்டு 41 நாவல்கள் எழுதினார். யானை சுமக்கும் உலகும் ஆமை தாங்கும் உலகும் நமக்குப் புதியனவா? நம் நாட்டுப் புராணிகர் அதை உண்மையென்று ஓதி உண்டியல் குலுக்கினர். பிராட்செட்டோ, இது பொய்யென்று முகப்பிலேயே சொல்லிவிட்டு விற்றார். வாங்கியவர் எவரும் ஏமாறவில்லை.

இந்த நாவல் 2007ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் பிரிட்டனில் வெளிவந்தது. அதே திங்கள் 14ஆம் நாள், அதே பிரிட்டனில், 'நார்தர்ன் ராக்' என்ற வங்கியின் வாயிலிலே மக்கள் வரிசை வரிசையாய் நின்றனர். போட்ட பணத்தைத் திரும்பப் பெறுவதற்காக! 1866க்குப் பிறகு அந்நாடு அப்படியொரு காட்சியைக் கண்டதில்லை. கற்பனை நூல் கடைக்கு வந்தது. கதை தெருவுக்கு வந்தது. நூலாசிரியர் சோதிடரல்லர். பணம் என்பது எதன்மீது நிற்கிறது என்று நின்று நோக்கியவர், அவ்வளவுதான்.

அந்த நாவலின் ஒரு படி, பல கை மாறி, அட்டை கிழிந்து, நெய்வேலி நகரியத்திலிருந்து கம்மாபுரத்துப் படிப்பகமொன்றுக்கு வந்து சேர்ந்தது. ஆங்கிலம் படித்த இளைஞர் இருவர் அதைப் படித்துத் தமிழிலே கதை சொல்ல, ஏனையோர் கேட்டனர். ஞாயிறு தோறும் மாலையில் நடந்தது. நாமும் சென்றிருந்தோம். கதை கேட்கச் சென்ற நாம் சண்டைக்காரராய்த் திரும்பினோம். அந்தச் சண்டையைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் கதை. ஆங்க்-மார்பார்க் என்றொரு நகரம். அழுக்கும் ஆரவாரமும் நிறைந்த தலைநகர். அதன் கொடுங்கோலர் பெயர் வெட்டினாரி. (தமிழ்க் காதுக்கு எவ்வளவு பொருத்தமான பெயர்!) மாயிஸ்ட் என்றொரு மோசடிக்காரன். தூக்குக் கயிற்றிலிருந்து மீட்கப்பட்டு, அஞ்சல்துறைத் தலைவனாக்கப்பட்டவன். அஞ்சல்துறையைச் சீர்படுத்தியவனிடம், இனி வங்கியையும் நாணயச் சாலையையும் பார் என்கிறார் ஆட்சியாளர். வங்கியின் பெரும்பங்குக்கு உரியவரான முதிய சீமாட்டி டாப்ஸி லாவிஷ் இறக்கும்போது, தம் பங்குகளை நாய்க்கும், நாயை மாயிஸ்ட்டுக்கும் எழுதி வைத்துவிடுகிறார். நாய் செத்தால் மாயிஸ்ட்டையும் கொல்வதற்குக் கொலைஞர் சங்கத்துக்கு முன்பணம்! சுற்றத்தாரின் பேராசை அவருக்குத் தெரியும்.

நாணயச் சாலைக்குப் போய்ப் பார்க்கிறான் மாயிஸ்ட். சிறு காசு ஒன்றை அடிப்பதற்கு ஆகும் செலவு, அந்தக் காசின் மதிப்பைவிட அதிகம்! அடிக்க அடிக்க நட்டம். ஏன் அடிக்கிறீர்கள் என்றால், தலைமுறை தலைமுறையாக அடிக்கிறோம் என்று விடை. இது கதையென்று தள்ளிவிட வேண்டாம். அமெரிக்க நாட்டிலே ஒரு சென்ட் காசு இப்படித்தான் ஆண்டாண்டு காலம் நட்டத்தில் அடிக்கப்பட்டது. புழக்கத்துக்கு அதை அடிப்பதை 2025இல்தான் நிறுத்தினர்.

இதற்கு மாயிஸ்ட் கண்ட வழி காகித நோட்டு. நோட்டுக்குச் சித்திரம் வரைய யாரை அமர்த்துகிறான் தெரியுமா? கள்ள அஞ்சல்தலை அச்சிட்டுத் தூக்குத் தண்டனை பெற்றவனை! கள்ளனின் கைதான் அவ்வளவு நேர்த்தி! ஆனால் வங்கியின் தலைமைக் காசாளர் பென்ட் குறுக்கே நிற்கிறார். எண்ணிலே பிழை காணாதவர். சிரிக்கத் தெரியாதவர். அவருக்குத் தெய்வம் தங்கம். காகிதம் பொய், வாக்குறுதி பொய், தங்கமொன்றே மெய் என்பது அவர் வேதம். அந்த வேதியர் நாள்தோறும் காவல் புரிந்த பெட்டகத்தைக் கடைசியில் திறந்து பார்க்கிறார்கள். தங்கம் இல்லை! வங்கியைக் கட்டியாண்ட பெருங்குடும்பமே அதை எப்போதோ தின்று தீர்த்திருக்கிறது. இல்லாத தங்கத்தின்மீது நகரம் எத்தனையோ ஆண்டு வாணிபம் செய்திருக்கிறது, வீடு கட்டியிருக்கிறது, மணம் முடித்திருக்கிறது. ஒன்றும் கெட்டுப் போகவில்லை. கதவைத் திறந்த அன்றுதான் கூக்குரல்!

கதை இந்த இடத்துக்கு வந்தபோது படிப்பகத்திலே ஒரு தோழர் எழுந்தார். நம்மோடு பல மேடைகளில் நின்றவர். கோயில் வாயிலை மிதித்தறியாதவர். "கதை வேடிக்கைதான். ஆனால் ஒன்று, காகிதம் காகிதம்தான், தங்கம் தங்கம்தான். தங்கத்துக்குத் தனியே ஒரு மதிப்பு உண்டு. அது இயற்கை" என்றார்.

இயற்கையாம்! நாம் கேட்டோம்: கல்லுக்குள்ளே சக்தி இருக்கிறதென்று சொன்ன பூசாரியிடம் என்ன கேள்வி கேட்டீர், தோழரே? அந்தக் கேள்வியை இந்த மஞ்சள் கல்லிடம் ஏன் கேட்கவில்லை? தங்கத்தை உண்ண முடியுமா? உடுக்க முடியுமா? உழ முடியுமா? துருப்பிடிக்காது, கிடைப்பதற்கு அரிது, கண்ணுக்கு அழகு என்பதெல்லாம் உண்மை. பல் கட்டலாம், மின்கருவிகளில் இழையாக ஓட்டலாம். அவ்வளவுக்கு உரிய விலையைக் கொடுப்போம். அதற்கு மேலே ஏறி நிற்கிற விலை எதனுடையது? எல்லோரும் அதை விரும்புகிறார்கள் என்பதால் எல்லோரும் விரும்புகிற விருப்பம். எல்லோரும் கும்பிடுகிறார்கள் என்பதால் எல்லோரும் கும்பிடுகிற கும்பிடுக்கும் அதற்கும் வேறுபாடு எங்கே? நாவலிலே மாயிஸ்ட், பசித்தவனுக்குத் தங்கக் கட்டியைவிட உருளைக்கிழங்கு மேலானது என்று வாதிடுகிறான். பசித்திருப்பவனைக் கேட்டால்தான் அது எவ்வளவு பெரிய பொருளாதாரம் என்று புரியும்.

அட்சய திரிதியை என்றொரு நாள் வருகிறது. சித்திரையிலோ வைகாசியிலோ, வளர்பிறையின் மூன்றாம் நாள். பஞ்சாங்கத்திலே அந்த நாள் நெடுங்காலமாக இருந்தது. நகைக்கடை வாயிலிலே வரிசை இருந்ததில்லை. நம் பாட்டிமார் அந்நாளிலே அரைக் குன்றிமணித் தங்கமாவது வாங்கியாக வேண்டும் என்று கடன் வாங்கிக்கொண்டு ஓடியதில்லை. விளம்பரம் வந்தது, வேதம் பிறந்தது! அன்று வாங்கினால் ஆண்டு முழுதும் பெருகுமாம். பெருகுகிறது, கடைக்காரருக்கு! இரவு பகலாகக் கடை திறந்திருக்கிறது. வாயிலில் பந்தல் போட்டு மோர் கொடுக்கிறார்கள். ஒரு மூடநம்பிக்கை முளைத்து, தழைத்து, 'தொன்றுதொட்டு வரும் வழக்கம்' ஆவதை நம் கண்ணெதிரே, நம் காலத்திலேயே பார்த்துவிட்டோம். பழைய மூடநம்பிக்கைகள் எப்படிப் பிறந்திருக்கும் என்று ஆராய்ச்சி செய்ய விரும்பும் இளைஞர் ஏடுகளைப் புரட்ட வேண்டாம். விருத்தாசலம் கடைவீதிக்கு அந்நாளில் ஒருமுறை போய்வந்தால் போதும்.

அந்த வரிசையிலே நம் தோழர்கள் இல்லையா? இருக்கிறார்கள். "பிள்ளையார் சுழி போடமாட்டேன்" என்பவர், மகளுக்கு எத்தனை பவுன் என்று கேட்டால் வாய் அடைத்துப் போகிறார். சடங்கில்லாத் திருமணம் நடத்துகிறார். மேடையிலே ஐயர் இல்லை, அக்னி இல்லை. மணமகள் கழுத்திலோ எடை தாங்காமல் தலை சாய்கிறது! ஐயரை வெளியேற்றிவிட்டு ஆசாரியின் தராசை உள்ளே அழைத்து வந்திருக்கிறோம். இதைச் சொன்னால் நம்மவர்க்கே கோபம் வருகிறது. வரட்டும்.

தமிழ்நாட்டிலே மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் திருமண உதவித் திட்டமொன்று 1989 முதல் நடந்தது. 2011இல் அதிலே தாலிக்குத் தங்கம் சேர்ந்தது, நான்கு கிராம். 2016இல் எட்டு கிராமாயிற்று. 2022இல் அத்திட்டத்தை மாற்றி, அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குச் செல்லும் பெண்ணுக்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் என்றாக்கினர். ஊரிலே முணுமுணுப்பு எழுந்தது. "காகிதமாகக் கொடுத்தால் செலவாகிவிடும், தங்கமென்றால் நிற்கும்" என்றார்கள். எங்கே நிற்கும்? அடகுக் கடையிலே நிற்கும்! விதைப்புக்கு ஒருமுறை, மருத்துவத்துக்கு ஒருமுறை, மகன் கல்லூரிக்கு ஒருமுறை என்று அந்தத் தங்கம் வீட்டுக்கும் அடகுக் கடைக்கும் நடந்த நடையை அளந்தால் காசி யாத்திரை தோற்கும். மூன்றாண்டுப் படிப்போ அடகு வைக்க முடியாத நகை. அதைப் பூட்டி வைக்கப் பெட்டகமும் வேண்டாம்.

பெட்டகம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. வெறும் பெட்டகம் நாவலாசிரியரின் கற்பனையென்று எண்ணுவோர் சென்னையின் வரலாற்றைப் பார்க்கட்டும். 1906ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள், ஆர்பத்நாட் நிறுவனம் கதவைச் சாத்தியது. வெள்ளையர் நிறுவனம்! வெள்ளையன் வாக்குப் பொய்க்காது என்று நம்பி, வழக்கறிஞர் முதல் வாழ்விழந்த கைம்பெண் வரை சேமிப்பைக் கொட்டிய இடம். திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை. சர் பட்டம் தரித்த ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்குப் பதினெட்டுத் திங்கள் கடுங்காவல் கிடைத்தது. இழந்தவர்க்குப் பணம் கிடைக்கவில்லை. அந்தச் சாம்பலிலிருந்துதான் 1907இல் இந்தியன் வங்கி எழுந்தது.

பழங்கதை வேண்டாமா? 2021இல் கூட்டுறவு நிறுவனங்களில் ஐந்து பவுன் வரையிலான நகைக் கடனைத் தள்ளுபடி செய்யும் பொருட்டுப் பொட்டலங்களைப் பிரித்துப் பார்த்தனர். சில இடங்களிலே தங்கத்துக்குப் பதில் போலி நகை. சிலவற்றிலே நகையே இல்லை! பொட்டலம் இருக்கிறது, முத்திரை இருக்கிறது, பதிவேட்டிலே எடை இருக்கிறது, உள்ளே காற்று! பிராட்செட் இதைப் படித்திருந்தால், தம் கற்பனை போதவில்லையே என்று வருந்தியிருப்பார்.

படிப்பகத்துத் தோழர் விடவில்லை. "பொன் இல்லாமல் நோட்டு அடித்த துக்ளக் என்ன ஆனான்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. முகமது பின் துக்ளக், 1329ஆம் ஆண்டுவாக்கில் செம்பிலும் பித்தளையிலும் அடையாளக் காசு அடித்து, வெள்ளிக் காசுக்கு ஈடாக ஏற்க வேண்டுமென்று ஆணையிட்டான். ஊரெல்லாம் காசு அடிக்கத் தொடங்கிற்று! வீடுகள் நாணயச் சாலைகளாயின. சில ஆண்டுகளில் திட்டம் கவிழ்ந்தது. செப்புக் காசை வாங்கிக்கொண்டு அரசன் வெள்ளி கொடுத்தான். திரும்பி வந்த காசு துக்ளகாபாத்திலே குன்றாய்க் குவிந்தது. இதிலிருந்து என்ன தெரிகிறது? செம்பு கெட்டதென்றா? இல்லை. எவன் வேண்டுமானாலும் அடிக்கக்கூடிய காசை வெளியிட்டுவிட்டு, கள்ளக் காசைத் தடுக்க வழி செய்யாத ஆட்சி கெட்டதென்று தெரிகிறது. துக்ளக்குக்குக் குறைவாயிருந்தது தங்கமன்று. ஒரு நல்ல சித்திரக்காரன். மாயிஸ்ட் கள்ளனைக் கொண்டு கள்ளத்தைத் தடுத்தான். அந்த அறிவு சுல்தானுக்கு இல்லை.

உலகமே தங்கத்தை விட்டு விலகி நாளாயிற்று. 1971 ஆகஸ்ட் 15ஆம் நாள், டாலர் கொண்டுவரும் அரசுகளுக்குத் தங்கம் கொடுப்பதில்லை என்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நிக்சன் அறிவித்தார். அன்று முதல் உலகின் நோட்டுகள் வெறும் சொல்லின்மீது நிற்கின்றன. 1991இல் நம் நாட்டுக்கு அந்நியச் செலாவணி முடை வந்தபோது, 47 டன் தங்கத்தை இங்கிலாந்து வங்கியிலே ஈடு வைத்தோம். நாட்டின் நகையை அடகு வைத்துவிட்டார்களே என்று மக்கள் மனம் புழுங்கினர். கம்மாபுரத்து உழவன் விதைநெல்லுக்காக நடக்கிற நடையை நாடு இலண்டன் வரை நடந்தது, தொலைவுதான் வேறு.

சொல்லின்மீது நிற்கும் நோட்டை, சொல்லாலேயே சாய்க்கவும் முடியும். 2016 நவம்பர் 8ஆம் நாள் இரவு அதைக் கண்டோம். எட்டு மணிக்கு ஒரு பேச்சு. நள்ளிரவு முதல் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது. புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பிலே நூற்றுக்கு 86 பங்கு! அரிசிப் பானையில் ஒளித்து வைத்த நோட்டைத் தூக்கிக்கொண்டு மூதாட்டிகள் வரிசையில் நின்றனர். கருப்புப் பணம் கருகிவிடும் என்றனர். இரண்டாண்டு எண்ணியபின், சென்றதில் நூற்றுக்கு 99 பங்குக்கு மேல் திரும்பி வந்துவிட்டது என்று ரிசர்வ் வங்கியே கணக்குக் காட்டிற்று. துக்ளகாபாத் குன்று வேறு, இது வேறு. ஆனால் வரிசையில் நின்ற கால்கள் வலித்தது ஒன்றுபோல்தான்.

இந்த இடத்தில்தான் நமக்கு இன்னொரு பகைவர் முளைக்கிறார். தங்கமும் பொய், காகிதமும் பொய் என்று கேட்டதும் ஓடி வருகிறார் ஒரு பெரியவர், நெற்றி நிறையப் பூச்சுடன். "பார்த்தீரா! வெளிநாட்டானும் ஒப்புக்கொண்டான்! பணம் மாயை! உலகே மாயை!" என்கிறார். மாயையாம்! அப்படியானால் மடத்து நிலத்துக் குத்தகை பாக்கிக்கு வழக்கு ஏன்? உண்டியல் எண்ண இயந்திரம் ஏன்? பணம் மாயையென்று உபதேசித்தவர் எவரும் மாயைக்கு இரசீது கொடுக்காமல் விட்டதில்லை. புதுமைப்பித்தன் 1943இலேயே கடவுளைச் சென்னைக்கு வரவழைத்து, காப்பி குடிக்க வைத்து, ஒரு வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கேட்கவும் வைத்துவிட்டார். ஆயுள் யாருடையது, பத்திரிகையினுடையதா, கடவுளுடையதா என்ற சங்கடம் அங்கே எழுகிறது. கடவுளே சந்தாதாரராகிவிட்ட பிறகு அடியார்களுக்கு மாயை ஏது?

நாம் சொல்வது வேறு. பணம் மாயையன்று, பணம் ஓர் உடன்பாடு. மாயையென்றால் எவரும் பொறுப்பல்லர். கண்ணை மூடிக்கொண்டு தியானம் செய்யலாம். உடன்பாடென்றால், உடன்பட்டவர் யார், உடன்படாதவர் யார், எழுதியவர் யார், கைநாட்டு வைத்தவர் யார் என்று கேட்கலாம். கேட்டாக வேண்டும். மனிதர் செய்த ஒன்றை மனிதர் மாற்றலாம். இந்த வேறுபாட்டைத்தான் பிராட்செட்டின் வேடிக்கை நமக்கு விளக்குகிறது. இதைத்தான் பென்ட் காசாளரும் நெற்றிப் பூச்சுப் பெரியவரும் ஒருங்கே மறைக்கின்றனர். ஒருவர் தங்கத்தின் பின்னாலும், மற்றவர் வானத்தின் பின்னாலும் நின்றுகொண்டு!

நூலைப் புகழ்ந்தே போகிறோம் என்று எண்ண வேண்டாம். அதிலே நமக்கு ஒவ்வாததும் உண்டு. ஆங்க்-மார்பார்க் நகரத்து மக்கள் எதிலும் வாய் திறப்பதில்லை. கொடுங்கோலர் ஒருவர் மிகுந்த அறிவாளியாக இருக்கிறார். மோசடிக்காரன் ஒருவன் மிகுந்த நல்லவனாக மாறிவிடுகிறான். அவ்விருவரின் திறமையால் ஊர் பிழைக்கிறது. ஆண்டவன் காப்பாற்றுவான் என்பதற்குப் பதிலாக, ஆள்பவன் காப்பாற்றுவான் என்கிறது கதை. நல்ல கொடுங்கோலன் என்பது அட்சய திரிதியைத் தங்கம் போன்றதே. நமக்கு அப்படிப்பட்டவர் வாய்ப்பதில்லை. வாய்த்தாலும் வேண்டாம். எட்டு மணிப் பேச்சை நாம் மறக்கவில்லை.

நாவலில் இன்னுமொரு வேடிக்கை உண்டு. வங்கியின் நிலவறையிலே ஒருவன் கண்ணாடிக் குழாய்களால் ஓர் இயந்திரம் செய்கிறான். குழாய்களிலே தண்ணீர் ஓடும். அந்தத் தண்ணீர்தான் நகரத்தின் பணம். ஒரு குழாயில் அடைத்தால் மற்றொன்றில் வற்றும். இதுவும் முழுக் கற்பனையன்று. 1949இல் நியூசிலாந்துக்காரரான பில் பிலிப்ஸ், இலண்டன் பொருளாதாரக் கல்லூரியிலே இத்தகைய இயந்திரத்தை மெய்யாகவே செய்து காட்டினார். இதைக் கேட்டபோது படிப்பகத்திலே எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தண்ணீர்க் கணக்கு எங்களூர்க்காரர்க்குத் தெரியும். ஒருகாலத்தில் துளையிட்டால் தானாகவே நீர் பொங்கி வழிந்த மண் இது. பழுப்பு நிலக்கரிக்கு அடியிலே அழுத்தத்தோடு கிடந்த அந்த நீரை இறைத்தால்தான் சுரங்கம் வெட்ட முடியும். இறைத்தார்கள், இறைக்கிறார்கள். இன்று சுற்றிலுமுள்ள ஊர்களில் நூற்றுக்கணக்கான அடி இறங்கித் தேட வேண்டியிருக்கிறது. மின்சாரத்தின் விலையிலே நிலக்கரிக்குக் கணக்கு உண்டு. கூலிக்குக் கணக்கு உண்டு. அந்த நீர் எந்தக் குழாயில் காட்டப்பட்டிருக்கிறது?

1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்திலே கிணறு தோண்டியபோது கறுத்த பொருளொன்று வெளிப்பட்டது. 1956இல் நிறுவனம் பிறந்தது. 1957இல் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல் நிலக்கரி வெளிவந்தது. அடுத்த ஆண்டு மின்சாரம் பிறந்தது. தமிழ்நாட்டின் ஆலைகள் ஓடின. அதை நாம் பழிக்கவில்லை. இருட்டு புனிதமென்று பாடுவோர் கூட்டமல்ல நாம். நாம் கேட்பது உடன்பாட்டைப் பற்றி.

நாவலின் முடிவைச் சொல்லவில்லையே! பெட்டகம் வெறுமை என்று தெரிந்துவிட்டது. நோட்டுக்கு இனி எது பிணை? பழைய நாகரிகமொன்றின் களிமண் மனிதர்களைத் தோண்டி எடுக்கிறார்கள். கோலெம் என்று பெயர். (வாசலில் இடும் கோலமன்று, வேலை செய்யும் மண் பொம்மை!) நான்கு பொன் கோலெம் வருமென்று எதிர்பார்த்தனர், பழைய மொழியைப் பெயர்த்ததிலே பிழை. வந்தவை நாலாயிரம்! இளைப்பறியாத, கூலி கேட்காத நாலாயிரம் உழைப்பாளிகள். அவற்றை வேலைக்கு விட்டால் ஊரிலுள்ள உழைப்பாளி பட்டினி கிடப்பான். ஆகவே பெரும்பாலானவற்றை ஊருக்கு வெளியே நிலத்திலே புதைத்து, அந்த உழைப்பின்மீது நோட்டு வெளியிடுகிறான் மாயிஸ்ட். பெட்டகத்திலே தங்கம் வேண்டாம். மண்ணுக்குள்ளே உழைப்பு இருந்தால் போதும்!

நுட்பமான கற்பனை. பணத்துக்குப் பின்னால் எப்போதும் இருந்தது இதுதான். யாரோ உழைப்பார்கள் என்ற உறுதி. அதைத் தங்கமென்று பெயரிட்டு மூடி வைத்திருந்தார்கள்.

கம்மாபுரத்திலே கதை தலைகீழ். இங்கே மண்ணுக்குள்ளே கிடந்ததை வெளியே எடுத்துக்கொண்டு, மேலே நின்றவன் கையிலே காகிதத்தைக் கொடுத்தார்கள். நெல்லும் கரும்பும் முந்திரியும் விளைந்த மண். நிலம் என்பது ஆண்டுதோறும் விளையும் உடன்பாடு. இழப்பீடு என்பது ஒருமுறை எண்ணிக் கொடுக்கும் உடன்பாடு. இரண்டையும் ஈடென்று எழுதியவர் யார்? எழுதியபோது உழவன் எங்கே நின்றான்? 2022, 2023ஆம் ஆண்டுகளிலே பேசப்பட்ட தொகை ஏக்கருக்கு 25 இலட்சம் ரூபாய். பெரிய தொகையாகத் தோன்றும். அதைக் கொண்டு அதேபோல் ஏக்கர் நிலம், அதேபோல் நீரோடு, எங்கே வாங்குவது என்று கேட்டால் சுற்றுவட்டாரத்திலே விடை கிடைப்பது அரிது. 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்புக்கு அருகே வளையமாதேவியில், கால்வாய் வெட்டுவதற்காக, கதிர் பிடிக்கவிருந்த நெல்வயலுக்குள்ளே மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. நிலம் எப்போதோ எடுக்கப்பட்டுவிட்டது என்றது ஒரு பக்கம். பயிர் இன்னும் எங்களுடையது என்றது மறுபக்கம். உயர்நீதிமன்றம் வேதனை தெரிவித்தது. பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. பச்சைப் பயிருக்கும் விலை எழுதியாயிற்று. அன்றும் எழுதியவன் உழவனல்லன்.

"இயற்கை மதிப்பு" பேசிய தோழர் இந்த இடத்திலே வாய் திறக்கவில்லை. அவருக்கும் அந்தப் பக்கத்திலே கொஞ்சம் நிலம் இருந்தது. இருந்தது என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. பணம் வந்த ஆண்டிலே மகளுக்கு நகை வாங்கினார். நகை இப்போது எங்கே இருக்கிறதென்று நாம் கேட்கவில்லை. அவர் சொல்லவும் இல்லை.

கதை முடிந்து எல்லோரும் எழுந்தபோது, திண்ணையோரத்திலே அதுவரை பேசாமல் அமர்ந்திருந்த உழவர் ஒருவர், எழுபது வயதிருக்கும், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்:

"தம்பி, அந்த நாலாயிரம் பேரைப் புதைச்சாங்கன்னு சொன்னீங்களே, அது யாரோட நெலம்?"

இளைஞர் இருவரும் கடைசி அத்தியாயங்களை மீண்டும் புரட்டினர். விளக்கை அருகே நகர்த்தி வைத்துக்கொண்டு வெகுநேரம் தேடினர்.